இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதியில் அமைந்திருக்கும் இரவிகுளம், உலகிலேயே வரையாடுகள் மிகுதியாக வாழும் இடமாகும். தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்துடன் செல்ல விரும்புவோர் பொதுவாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்பட்டுள்ளது. இங்குள்ள விதிகளில் பெரும்பாலானவை அந்த விலங்கின் வாழ்க்கை முறையை ஒட்டி வகுக்கப்பட்டவை. ஆகவே வழி, நேரம், சீட்டு ஆகியவற்றோடு காரணங்களும் ஓரளவு விரிவாகவே சொல்லப்படுகின்றன.

இரவிகுளம், ராஜமலை இரண்டும் ஒன்றுதானா?

அல்ல. இரவிகுளம் என்பது 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்கா முழுவதற்குமான பெயர். அதன் ஓரத்தில் பொதுமக்கள் செல்ல அனுமதிக்கப்பட்டுள்ள சிறு பகுதியே ராஜமலை. பூங்காவின் மையப் பகுதியான பீடபூமிக்குச் சுற்றுலாப் பயணிகள் செல்ல முடியாது. "இவ்வளவு தூரம் வந்தும் ஒரு சாலையில் நடந்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறதே" என்று சிலர் குறைப்படுவது உண்டு. பூங்காவின் பெரும்பகுதி மனித நடமாட்டம் இல்லாமல் இருப்பதால்தான் அதன் ஓரத்திலுள்ள அந்தச் சாலையில் நின்றபடியே அரிய விலங்கொன்றை நம்மால் காண முடிகிறது. அந்தக் குறையோடு செல்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

எந்த மாதத்தில் செல்வது ஏற்றது?

முதலில் தவிர்க்க வேண்டிய மாதங்களைச் சொல்லிவிடலாம். வரையாடுகள் குட்டி ஈன்று பேணும் காலமாதலால், பிப்ரவரி, மார்ச் ஆகிய இரு மாதங்களிலும் ராஜமலை பொதுவாக மூடப்பட்டிருக்கும். புதிய குட்டிகள் முன்னதாகவே தென்படத் தொடங்கினால் மூடும் நாளும் சற்று முன்னதாக வரலாம். திறக்கும் நாளும் அதுபோல மாறக்கூடும். எனவே ஜனவரி இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ பயணம் வகுப்பவர்கள், விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் வனத்துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்த மலைகளில் மிகக் கடுமையாகப் பெய்யும். பூங்கா திறந்திருந்தாலும், மலை முழுவதும் மூடுபனியில் மறைந்து, எதிரே நிற்பவரின் குடையைத் தவிர வேறொன்றும் தெரியாமல் திரும்ப நேரும் நாள்கள் அப்போது அதிகம். டிசம்பரிலும் ஜனவரியிலும் வானம் தெளிவாக இருக்கும். காலையில் புல்வெளியில் உறைபனி படிந்திருப்பதையும் காண வாய்ப்புண்டு. ஆனால் விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

அமைதியை விரும்புவோருக்கு அக்டோபரின் பிற்பகுதியும் நவம்பரும் ஏற்றவை என்பது என் கருத்து. மழைக்குப் பின் புல் பசுமையாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையால் பிற்பகலில் தூறல் விழக்கூடும் என்றாலும் காலை நேரம் பெரும்பாலும் கைகொடுக்கும். குட்டிகளைக் காண வேண்டும் என்பவர்கள் ஏப்ரலில் பூங்கா திறந்ததும் செல்லலாம். அப்போது இரண்டு மூன்று மாதக் குட்டிகள் தாய்களைச் சுற்றிப் பாறைகளில் துள்ளித் திரியும்.

குட்டி ஈனும் காலத்தில் பூங்காவையே மூட வேண்டிய அவசியம் என்ன?

வரையாடுகள் மழைக்காலத்தில் இணை சேர்கின்றன. ஏறத்தாழ ஆறு மாதச் சினைக்காலத்துக்குப் பின், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெரும்பாலான பெண் ஆடுகள் குட்டி ஈனுகின்றன. ஓர் ஈற்றுக்குப் பொதுவாக ஒரே ஒரு குட்டிதான். வளர்ப்பு ஆடுகளைப்போல இரண்டு மூன்று குட்டிகளை ஈன்று இழப்பை விரைவில் ஈடுசெய்யும் இயல்பு இவற்றுக்கு இல்லை. அந்த ஒற்றைக் குட்டியும் முதல் ஆண்டைத் தாண்டுவது எளிதன்று. சிறுத்தை, செந்நாய், புலி, குளிர், செங்குத்தான பாறை என அதற்கு ஆபத்துகள் பல.

இத்தகைய நிலையில், நாள்தோறும் பெருங்கூட்டம் சாலையில் நின்று கூச்சலிட்டால், தாய் ஆடுகள் கலைந்து ஓடும். குட்டி பாலின்றிப் பிரிந்துபோகும். ராஜமலை ஆடுகள் மனிதர்களுக்குப் பழகியவை என்றாலும், ஈன்ற சில நாள்களில் எந்தத் தாயும் அந்தப் பழக்கத்தை நம்பி நிற்பதில்லை. ஓராண்டின் தலைமுறை முழுவதும் ஒரு சில வாரங்களுக்குள் பிறந்துவிடுவதால், அந்த வாரங்களில் மட்டும் விலகி நின்றாலே பாதுகாப்பின் பெரும்பகுதி நிறைவேறிவிடுகிறது. அந்த வகையில் இந்த இரண்டு மாதக் கதவடைப்பு, செலவு குறைந்த, பயன் மிகுந்த ஏற்பாடு.

வரையாடு உண்மையில் ஆடுதானா?

பெயரிலும் தோற்றத்திலும் ஆடுதான். ஆனால் 2005ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு, இது இமயமலைத் தார் எனப்படும் விலங்கைவிடச் செம்மறி இனத்துக்கே நெருக்கமானது எனக் காட்டியது. அதன் பின்னர் நீலகிரிட்ராகஸ் என்னும் தனிப் பேரினம் இதற்கென உருவாக்கப்பட்டது. அந்தப் பேரினத்தில் வேறு எந்த விலங்கும் இல்லை.

வளர்ந்த ஆண் ஏறத்தாழ 100 கிலோ எடை வரை இருக்கும். பெண் அதில் பாதியளவே. முதிர்ந்த ஆணின் உடல் கரும்பழுப்பாக மாறி, முதுகின் நடுவே சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டு ஒன்று தோன்றும். கூட்டத்தில் அதைக் கொண்டே வயது முதிர்ந்த ஆண்களைத் தொலைவிலிருந்து அடையாளம் காணலாம். ஆண், பெண் இரண்டுக்குமே பின்னோக்கி வளைந்த கொம்புகள் உண்டு. ஆகவே கொம்பை மட்டும் பார்த்து ஆண் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

ராஜமலைக்குச் சென்றால் வரையாடு கட்டாயம் கண்ணில் படுமா?

கட்டாயம் என்று எந்தக் காட்டிலும் எந்த விலங்கைப் பற்றியும் சொல்ல இயலாது. இருப்பினும், அருகிவரும் காட்டு விலங்கொன்றைப் பொதுமக்கள் நடந்து சென்று, பட்டப்பகலில், பல வேளைகளில் சில அடி தூரத்திலேயே காணக்கூடிய இடம் இந்தியாவில் இதைப்போல வேறொன்றைச் சொல்வது கடினம். காலை முதல் பேருந்துகளில் செல்பவர்களுக்கு வாய்ப்பு மிகுதி. நண்பகலில் ஆடுகள் பெரும்பாலும் பாறை விளிம்புகளில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். அப்போது மேய்ச்சல் வெளியை விட்டுவிட்டுப் பாறை முகடுகளைத் தேட வேண்டும். கூட்டம் ஓய்வெடுக்கும்போது ஏதேனும் ஒரு பெண் ஆடு உயரமான பாறையில் காவல் நிற்பதைக் காணலாம். ஒன்று தென்பட்டதும் அவசரப்படாமல் சற்றுக் காத்திருந்தால், கல்லும் புல்லுமாகத் தெரிந்த சரிவிலிருந்து மற்றவை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் துலங்கும்.

மற்ற இடங்களில் மனிதரைக் கண்டால் ஓடும் வரையாடு, இங்கே அஞ்சாமல் நிற்பது ஏன்?

பல தலைமுறைகளாக இங்கே வேட்டை இல்லை என்பது முதற்காரணம். முற்காலத்தில் இந்தப் பகுதியில் உப்பு வைத்து ஆடுகளைச் சாலையருகே வரப் பழக்கியிருந்தார்கள் என்பது இரண்டாவது காரணம். மலைப்புல்லில் உப்புச்சத்து குறைவாதலால், உப்பு கிடைக்கும் இடத்தை இவை எளிதில் மறப்பதில்லை.

இந்தப் பழக்கம் பார்வையாளருக்கு வசதி. ஆட்டுக்கு அது ஒரு பலவீனம். கையிலிருக்கும் வறுவலையோ கடலையையோ நீட்டினால் அது வந்து வாங்கக்கூடும். அப்படி ஒருமுறை பெற்ற ஆடு அடுத்தவரின் பையைத் தேடும். உறையோடு சேர்த்து விழுங்கும். சாலையிலேயே காத்து நின்று வண்டியில் அடிபடும். வரையாடு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற விலங்கு. அதைத் தொடுவது, விரட்டுவது, கொம்பைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க முயல்வது ஆகியவை சட்ட நடவடிக்கைக்கு உள்ளாகும் செயல்கள். அவ்வாறு செய்தவர்கள் கைதான நிகழ்வுகளும் உண்டு. ஆடு தானாக நெருங்கி வந்தால், அசையாமல் நின்று வழிவிடுவதே முறை.

மொத்தம் எத்தனை வரையாடுகள் எஞ்சியுள்ளன?

2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 2,668 வரையாடுகள் மதிப்பிடப்பட்டன. கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303. இரவிகுளத்தில் மட்டும் 841 இருந்தன. அதாவது உலகில் உள்ள மூன்று வரையாடுகளில் ஏறக்குறைய ஒன்று இந்த ஒரே பூங்காவில் வாழ்கிறது. எல்லையின் இருபுறமும் ஒரே வேளையில் எண்ணப்பட்டதால், ஓரிடத்தில் கணக்கில் வந்த ஆடு மலையைத் தாண்டிச் சென்று மறுபடியும் கணக்கில் சேரும் பிழைக்கு இடம் குறைந்தது.

1975இல் வரையாட்டு ஆய்வாளர் இ. ஆர். சி. டேவிதார் மேற்கொண்ட கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,200 ஆடுகள் இருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. அவர் நினைவாகவே அக்டோபர் 7ஆம் நாளைத் தமிழ்நாடு அரசு வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்பதும், அதன் பாதுகாப்புக்கென 2022 டிசம்பரில் 25.14 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டதும் பலர் அறிந்தவை.

இந்த எண்ணிக்கைகள் ஆறுதல் தருவனபோலத் தோன்றினாலும், நீலகிரி முதல் அகத்தியமலை வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடரில் இவை துண்டு துண்டாகவே வாழ்கின்றன. புல்வெளிகளுக்கு இடையே தேயிலைத் தோட்டங்களும் சாலைகளும் அணைகளும் சீகை (வாட்டில் மரம்), யூக்கலிப்டஸ் தோப்புகளும் வந்துவிட்டதால், ஒரு கூட்டம் இன்னொன்றோடு கலக்க வழியில்லை. ஒரு மலையில் இருபது முப்பது ஆடுகள் மட்டும் தனித்து நின்றால், ஒரு நோயோ ஒரு காட்டுத்தீயோ அந்த மலையை வெறுமையாக்கிவிடும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை 'அருகிவரும் இனம்' என்றே இன்றும் வகைப்படுத்தியிருப்பதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிச் செல்வது?

இரண்டு வழிகள் பொதுவானவை. முதலாவது உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாகச் செல்வது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இரண்டாவது தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு வழியாகச் செல்வது. ஏறத்தாழ 70 கிலோமீட்டர். போடிக்கு 2023 ஜூன் முதல் அகலப்பாதையில் ரயில் வருகிறது என்பதால், சொந்த வாகனம் இல்லாதவர்களுக்கு இரண்டாவது வழி இப்போது எளிதாகியுள்ளது.

பூங்காவின் நுழைவாயில் மூணாறு – உடுமலை சாலையில், மூணாறிலிருந்து ஏறத்தாழ எட்டு கிலோமீட்டரில், ஐந்தாம் மைல் என்னும் இடத்தில் உள்ளது. ஆகவே உடுமலைப்பேட்டையிலிருந்து வருபவர்கள் மூணாறு நகருக்குள் நுழையாமலேயே பூங்காவை அடையலாம்; விடுமுறை நாள்களில் மூணாறு நெரிசலைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும். அந்தச் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தையும் சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தையும் ஊடறுத்துச் செல்கிறது. சாலையில் யானைகள் நிற்பது அங்கே வழக்கமான நிகழ்வு என்பதால், இருட்டும் முன் அப்பகுதியைக் கடந்துவிட வேண்டும். வழியில் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது.

நுழைவுச்சீட்டை எவ்வாறு பெறுவது?

பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே நாளையும் நேரத்தையும் தெரிவு செய்து பெறலாம். நாளொன்றுக்கு அனுமதிக்கப்படும் பார்வையாளர் எண்ணிக்கைக்கு வரம்பு உள்ளதால், பண்டிகை விடுமுறைகளிலும் வார இறுதிகளிலும் நேரில் சென்று சீட்டுக்காக வரிசையில் நிற்பது வீண். கட்டணம் அவ்வப்போது திருத்தப்படுகிறது. இந்தியருக்கும் வெளிநாட்டவருக்கும், பெரியவருக்கும் சிறுவருக்கும் அது வேறுபடும். ஆகவே பழைய பயணக் குறிப்புகளில் காணும் தொகையை நம்பிச் செல்ல வேண்டாம். அடையாள அட்டையைக் கையோடு எடுத்துச் செல்க.

சொந்த வாகனத்தில் உள்ளே செல்லலாமா? எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

சுற்றுலாப் பயணிகளின் வாகனங்கள் ஐந்தாம் மைலிலேயே நிறுத்தப்பட வேண்டும். அங்கிருந்து வனத்துறைப் பேருந்து தேயிலைத் தோட்டங்களின் நடுவே மேலேறி, ராஜமலையில் இறக்கிவிடும். அதன் பின் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலையில் மெல்ல ஏறி நடக்க வேண்டும். திரும்பும்போது அதே சாலையில் இறங்க வேண்டும். ஏற்றம் கடுமையானதன்று. கைக்குழந்தையுடன் வருபவர்களும் முதியவர்களும் நின்று நின்று நடந்துவிடலாம். எனினும், அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இதய நோயோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் தங்களின் வேகத்தை மீறக் கூடாது. நடக்க இயலாதவர்கள், சிறு வண்டி வசதி அன்று உள்ளதா என்பதை நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனைமுடியின் உச்சிக்கு ஏற அனுமதி உண்டா?

இல்லை. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி, இமயமலைக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரம். அது பூங்காவின் தென்பகுதியில் உள்ளது. 1862இல் டக்ளஸ் ஹாமில்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி அதன் உச்சியை அடைந்ததே பதிவாகியுள்ள முதல் ஏற்றம். இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த மலை மூடப்பட்டுள்ளது. வானம் தெளிவாக இருந்தால், ராஜமலைச் சாலையிலிருந்தே அதன் பாறைமுகத்தை நன்றாகக் காணலாம். "வழிகாட்டி ஒருவர் அழைத்துச் செல்கிறார்" என்று எவரேனும் சொன்னால், அது சட்டவிரோத நுழைவுக்கான அழைப்பு என்று கொள்க.

தடைக்குச் சான்றாக ஒரு சிற்றுயிரைச் சொல்லலாம். ஆனைமுடியை ஒட்டிய புல்வெளியில், புல் தூர்களின் அடியில், செம்மஞ்சள் நிறத் தவளை ஒன்று வாழ்கிறது. 2010இல்தான் அது புதிய இனமாக அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. இரவிகுளத்தின் அந்தச் சிறு நிலப்பகுதியே அதன் வாழிடம். ஒரு நாளில் சில நூறு மலையேறிகள் மிதித்துச் சென்றால் அதற்கு வேறு புகலிடம் கிடையாது.

மலை முழுவதும் மரங்களின்றி மொட்டையாகக் கிடக்கிறதே, காடு அழிக்கப்பட்டுவிட்டதா?

முதன்முறை செல்லும் பலருக்கும் எழும் ஐயம் இது. காடு என்றால் மரம் என்று பழகிய கண்ணுக்கு, இரவிகுளத்தின் புல்மேடுகள் வெறுமையாகத்தான் தோன்றும். ஆனால் இந்தப் புல்வெளி யாரும் மரத்தை வெட்டியதால் உருவானதன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக இயல்பாகவே இருந்துவருவது. காற்றும் உறைபனியும் தாக்கும் முகடுகளிலும் சரிவுகளிலும் புல் நிற்கும். இரண்டு மேடுகள் சேரும் மடிப்புகளில், நீரோடையை ஒட்டி, குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த சோலைகள் நிற்கும். இரண்டும் சேர்ந்ததே இந்த மலையுச்சியின் முழுமையான காடு.

வரையாட்டுக்குத் தேவை புல்லும் அதை ஒட்டிய செங்குத்துப் பாறையும்தான். பகை வந்தால் பாறையில் ஏறித் தப்பிக்கும். 'வெற்றிடம்' என்று எண்ணி மரம் நட்டால் அது வரையாட்டின் வீட்டை அடைப்பதாகும். நீலகிரியிலும் பழனி மலையிலும் அப்படித்தான் நடந்தது. தோல் பதனிடுவதற்கும் விறகுக்குமாகச் சீகையும் யூக்கலிப்டஸும் பரவலாக நடப்பட்டு, பரந்த புல்வெளிகள் மறைந்தன. இரவிகுளம் அந்த விதியிலிருந்து பெரும்பாலும் தப்பியது.

இந்தப் புல்லும் சோலையும் மழைநீரைப் பிடித்துவைத்து, கோடையிலும் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. மேற்கே வழியும் ஓடைகள் பெரியாற்றில் சேர்கின்றன. கிழக்கே வழிபவை பாம்பாற்றில் கலந்து, அமராவதியாகி, காவிரியில் சேர்கின்றன. உடுமலை, தாராபுரம், கரூர் வட்டாரங்களில் வயலுக்குப் பாயும் நீரில் ஒரு பங்கு இந்த 'மொட்டை மலை'யில் பிடித்துவைக்கப்பட்டதுதான்.

குறிஞ்சி மலர் எப்போது பூக்கும்?

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்துக் காய்த்து மடியும். 2006இலும் 2018இலும் இரவிகுளத்தில் பூத்தது, அடுத்தது 2030. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்குமிங்கும் சில செடிகள் பூத்ததாகச் செய்தி வரும். குறிஞ்சியில் பல இனங்கள் இருப்பதும், அவற்றின் பூக்கும் சுழற்சிகள் வெவ்வேறாக இருப்பதும் அதற்குக் காரணம். 2030இல் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பெருங்கூட்டம் வரும் என்பதில் ஐயமில்லை. பூவைப் பறித்தால் விதை உதிராது. விதை உதிராத இடத்தில் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பூவும் இருக்காது.

புலி, யானை போன்ற விலங்குகளைக் காண முடியுமா?

பூங்காவில் புலி, சிறுத்தை, செந்நாய், யானை, காட்டுமாடு, கடமான் எல்லாம் உள்ளன. ஆனால் ராஜமலைச் சாலையில் பகல் நேரத்தில் அவற்றை எதிர்பார்ப்பது வீண். சோலை ஓரங்களில் கருமந்தியைக் காண வாய்ப்பு ஓரளவு உண்டு. தொண்டை மஞ்சளாகவும் உடல் கருமையாகவும் இருக்கும் நீலகிரி மார்ட்டென் என்னும் சிறு ஊனுண்ணியைக் கண்டவர்கள் நற்பேறு பெற்றவர்கள். தென்னிந்தியாவில் மட்டுமே வாழும் அதை வனத்துறையினரே அரிதாகத்தான் பார்க்கிறார்கள்.

பறவைகளை நோக்குவோர் ஏமாற மாட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் மட்டுமே வாழும் நீலகிரி நெட்டைக்காலி புல்வெளியில் இரை தேடும். நீலகிரி ஈப்பிடிப்பானையும் சிரிப்பான் பறவையையும் சாலையோரப் புதர்களிலேயே காணலாம்.

இந்தப் புல்வெளி தேயிலைத் தோட்டமாக மாறாமல் தப்பியது எப்படி?

இதன் வரலாறு சற்று முரணானது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து இந்த மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் சரிவுகள் தேயிலைக்குத் திருத்தப்பட்டன. உயரமான இரவிகுளம் பகுதி மட்டும் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்களமாக ஒதுக்கி வைக்கப்பட்டது. வேட்டைக்கு விலங்கு வேண்டும் என்பதற்காகவே வேட்டைக்கு வரம்பு விதித்தார்கள். முதுவர் பழங்குடியினரைக் காவலர்களாக அமர்த்தினார்கள். துப்பாக்கிப் பொழுதுபோக்குக்காகக் காக்கப்பட்ட நிலம் பிற்காலத்தில் அந்த விலங்கின் கடைசிக் கோட்டையாகியது.

1971இல் கேரள அரசு, மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைநிலங்களை மீட்கும் சட்டத்தை இயற்றியது. கையகப்படுத்திய நிலத்தைப் பிரித்தளிக்கும் பேச்சு எழுந்தபோது, இந்தப் பகுதியைக் காக்க வேண்டும் என்ற குரலும் எழுந்தது. 1975இல் இது சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளில் இதுவும் ஒன்று. நாட்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கான மேலாண்மைத் திறன் மதிப்பீட்டில், 2025இல் வெளியான அறிக்கையில், காஷ்மீரின் டாச்சிகாம் பூங்காவுடன் இணைந்து 92.97 விழுக்காடு பெற்று முதலிடத்தில் நின்றது.

அந்த மதிப்பெண்ணில் முதுவர்களின் பங்கு பெரிது. தீத்தடுப்புக் கோடுகளை அமைப்பது, குளிர்காலம் முடிந்ததும் காய்ந்த புல்லைத் திட்டமிட்டுப் பகுதி பகுதியாக எரித்து இளம்புல் தழைக்கச் செய்வது, உள்காட்டில் ரோந்து செல்வது ஆகிய வேலைகளை இந்த மலையைத் தலைமுறைகளாக அறிந்த அவர்களே முன்னின்று செய்கிறார்கள்.

மழைக்காலத்தில் செல்வது பாதுகாப்பானதா?

வானிலை எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாள்களில் செல்லவே கூடாது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் (வரிசை வீடுகள்) புதையுண்டு 70 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வார்த்தைக்கு வார்த்தை 'இயற்கை எழில்' என்று வருணிக்கப்படும் இந்தச் சரிவுகளில்தான் அது நிகழ்ந்தது. பெட்டிமுடி இன்று சுற்றுலா இடமன்று. அங்கே சென்று படம் எடுக்க வேண்டும் என்று ஓட்டுநர்களை வற்புறுத்துபவர்கள் அந்த ஊரின் துயரத்தை மதிக்காதவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கை இல்லாத மழை நாளில் செல்பவர்கள் குடையைவிட மழைச்சட்டையை நம்பலாம். காற்று குடையை விட்டுவைப்பதில்லை. பிடிப்புள்ள காலணி தேவை. மழையில் சாலைகள் அடைபடக்கூடும் என்பதால், திரும்பும் ரயிலுக்கும் பேருந்துக்கும் இடையே போதிய நேரம் விட்டுத் திட்டமிடுக.

எவற்றை எடுத்துச் செல்லக் கூடாது?

ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள், மது, புகையிலை, ஒலிபெருக்கி, ட்ரோன், வளர்ப்பு நாய் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. காய்ந்த புல்வெளியில் அணைக்காத பீடித் துண்டு ஒன்று என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பளிச்சிடும் விளக்குடன் படம் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும். மாறாக, ஒரு கம்பளிச் சட்டையையும், இருந்தால் ஓர் இருநோக்கியையும் மறக்காமல் எடுத்துச் செல்லலாம். கைப்பேசியில் எடுக்கும் மங்கலான படத்தைவிட, இருநோக்கியில் காணும் ஐந்து நிமிடக் காட்சி நிறைவு தரும்.

பூங்கா மூடியிருக்கும்போது மூணாறுக்குச் செல்ல நேர்ந்தால் வேறு எங்கே வரையாட்டைக் காணலாம்?

மூணாறு – மறையூர் சாலையில் லக்கம் அருவி வரை செல்லலாம். சின்னாற்றில் வனத்துறையினருடன் நடைப்பயணம் மேற்கொண்டு, வறண்ட காட்டில் வாழும் நரை அணிலைத் தேடலாம். ஆனால் வரையாட்டை மட்டும் குறிவைத்து வருபவர்கள், ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் மலைப்பாதையைப் பரிசீலிக்கலாம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில், ஒன்பதாம் வளைவை ஒட்டிய பாறைச்சரிவுகளில் வரையாடுகள் அடிக்கடி தென்படுகின்றன. அதற்கெனத் தனி நுழைவுச்சீட்டு தேவையில்லை. வழக்கமான வனச் சோதனைச்சாவடியைக் கடந்தால் போதும். அங்கும் அவை குட்டி ஈனும் காலம் அதே ஜனவரியும் பிப்ரவரியும்தான். பார்வையிடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, தடுப்புச்சுவருக்கு இப்பால் நின்றபடி பார்த்துவிட்டு நகர வேண்டும். பிற்பகலில் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் அந்த வளைவில் நெருக்கும் என்பதால், காலை ஒன்பது மணிக்குள் அங்கே சென்றுவிடுவது நல்லது.